அம்மாவின் விரலுக்கு எட்டும் சுவிட்ச்

மார்ச் 3

அன்புள்ள வாண்டு,

இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் குறட்டை உட்பட. இதைப் போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

எட்டு மாதமாக நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தையல் வகுப்பு என்று உன்னிடம் சொன்னது பொய். உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு வெளியே இருக்கும் பிளையிங் கிளப்பில் பழைய இரண்டு சீட் விமானம் ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டியவளுக்கு இதெல்லாம் என்ன பெரிய விஷயம் என்று போய்ச் சேர்ந்தேன். பெரிய விஷயம்தான்.

ஏற்றவும் இறக்கவும் வந்துவிட்டது. தனியாகப் பறக்க விடுவதற்கு முன், கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டெஸ்ட் வைப்பார். அதில்தான் இரண்டு முறை தோற்றுவிட்டேன். இடது கையில் யோக்கைப் பிடிக்க வேண்டும். அது பாதி ஸ்டியரிங் மாதிரி இருக்கும், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலது கை எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை விட்டு நகரக் கூடாது. கீழே இருக்கும் கண்ட்ரோல் டவரோடு ரேடியோவில் பேச, யோக்கில் இருக்கும் சுவிட்சை இடது கையாலேயே அழுத்த வேண்டும். நான் அழுத்தும்போதெல்லாம் விமானம் சாய்கிறது. "பிடியில் உறுதி இல்லை" என்று மாஸ்டர் என் நோட்டில் எழுதிவிட்டார். ஏப்ரல் கடைசிக்குள் தேறாவிட்டால் என் இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

நீ விமானங்களுக்கு வயர் இழுக்கிறவள். கை நடுங்காமல் இருக்க ஏதாவது வழி இருந்தால் எழுது. இல்லையென்றால் திட்டியாவது எழுது.

அம்மா


மார்ச் 14

அம்மாவுக்கு,

திட்டித்தான் எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தையல் வகுப்பா? போன மாதம் நீயே தைத்தது என்று ஒரு தலையணை உறை அனுப்பினாயே, அதை எந்தக் கடையில் வாங்கினாய்?

ஐம்பத்துமூன்று வயதில் இந்த வேலை வேண்டாம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். உன் கடிதத்தில் இருந்த ஒரு வரி மனதை அரித்துக்கொண்டே இருந்தது. கை நடுங்கினால் விமானம் இரண்டு பக்கமும் ஆடும். நீ சாய்கிறது என்றுதானே எழுதியிருக்கிறாய். எப்போதும் ஒரே பக்கமா? சுவிட்ச் யோக்கில் எங்கே இருக்கிறது? உன் இடது கையைக் காகிதத்தில் வைத்து, சுற்றி வரைந்து அனுப்பு. இந்த முறையாவது எதையும் மறைக்காதே.

கோபம் ஆறாத,
வாண்டு


மார்ச் 22

என் செல்ல வாண்டு,

கை இத்துடன் இருக்கிறது. ஓரத்தில் கறை, பஸ் கிரீஸ். தலையணை உறையைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

எப்போதும் இடது பக்கம்தான் சாய்கிறது. சுவிட்ச், யோக்கின் இடது கொம்பில் உச்சியில் இருக்கிறது. கிளப் மெக்கானிக் அண்ணன் போன வருடம் பட்டை போட்டுக் கட்டியது. அவர் உள்ளங்கை முறம் அளவு இருக்கும். என் கட்டைவிரல் அங்கே போக வேண்டுமென்றால் மற்ற விரல்களைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். மாஸ்டரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "எல்லாருக்கும் எட்டுதேம்மா, உங்களுக்கு மட்டும் எட்டலன்னா எப்படி?" என்றார். அதோடு விட்டுவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பேர் எனக்கு எதற்கு?

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


மார்ச் 30

அம்மாவுக்கு,

கூடம் கோணல்தான்.

உன் கையைக் கத்தரித்து எங்கள் பட்டறையில் இருக்கும் அதே மாதிரி யோக்கில் வைத்து அளந்தேன். சுவிட்சுக்கு உன் கட்டைவிரல் ஒன்றரை சென்டிமீட்டர் குறைகிறது. உன் பிடியில் ஒரு குறையும் இல்லை. ஒரு ஸ்கேலை எடுத்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நீயாவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

சுவிட்சை இடம் மாற்ற கிளப்புக்கு எழுதி அனுமதி வாங்கிவிட்டேன். பதினொன்றாம் தேதி இரண்டு நாள் லீவில் வருகிறேன். கண்ட்ரோலைத் தொடுகிற வேலைக்கு எங்கள் தொழிலில் இரண்டு கையெழுத்து வேண்டும். செய்தவள் நான் ஒன்று, செய்யாத ஒருவர் தனியாகச் சோதித்துவிட்டு இன்னொன்று. அந்த அண்ணனை இருக்கச் சொல்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வயரின் நீளம் கொஞ்சம் குறைந்தாலும் யோக்கை முழுதாக இழுக்கும்போது இறுகும். அதிகமானால் எங்காவது மாட்டும். நூறு விமானத்தில் செய்திருக்கிறேன். எதிலும் என் அம்மா உட்கார்ந்ததில்லை.

வாண்டு


ஏப்ரல் 16

என் கண்ணே,

நீ போய்ச் சேர்ந்ததாக எழுதிய கடிதம் கிடைத்தது. உன் டார்ச் லைட்டை விமானத்தின் சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைத்துப் பதறினேன். உன் பழைய அலமாரியில்தான் இருந்தது.

நீ வேலை செய்வதை நான் இதுவரை பார்த்ததே இல்லை. பார்த்தது உன் கால்கள்தான். மீதி ஆள் டேஷ்போர்டுக்கு அடியில். ஆள்காட்டி விரல் தானாக மடங்கும் இடத்தில், யோக்கின் பின்பக்கம் சுவிட்சை வைத்தாய். கடைசிவரை இழுத்தாய், தள்ளினாய், திருப்பினாய். நான் எண்ணினேன், அறுபத்திரண்டு முறை. அண்ணன் சரி என்ற பிறகும் உனக்குத் திருப்தி இல்லை. கட்டியதை எல்லாம் அறுத்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினாய். அண்ணன் மறுபடி சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நீ கை கழுவப் போனபோது அவர் என்னிடம், "என் வயரிங்க இனிமே யாருக்கும் காட்ட மாட்டேம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமை என்றால் அப்படியொரு பெருமை. அன்று முழுக்க உன் அப்பாவிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மனுஷர் தூங்கிவிட்டார்.

டெஸ்ட் இருபத்தைந்தாம் தேதி. அன்றைக்கு வருகிறேன் என்றாய். வராதே. நீ வேலியோரம் நின்றால் நான் ரன்வேயைப் பார்க்க மாட்டேன், உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா


ஏப்ரல் 20

அம்மாவுக்கு,

சரி, வரவில்லை. மனசில்லாமல்தான் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன் சுவிட்சை அழுத்திவிட்டு விரலை எடு, அது தானாக வெளியே வருகிறதா என்று பார். யோக்கை ஒரு முறை முழுக்க இழுத்துப் பார். ஏதாவது உரசுகிற மாதிரி இருந்தால் யார் என்ன சொன்னாலும் கிளம்பாதே.

பேசுவதற்கு அழுத்தும்போது ஒரே ஒரு தடவை என்னை நினைத்துக்கொள். எனக்கு அது போதும்.

வாண்டு


ஏப்ரல் 26

அன்பு மகளுக்கு,

பறந்துவிட்டேன்.

மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று சுற்று வந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, "நீங்களே ஒரு சுத்து போயிட்டு வாங்கம்மா" என்றார். அவருடைய எடை இல்லாததால் விமானம் நான் நினைத்ததற்கு முன்பே எழும்பிவிட்டது. நேராகத்தான் போனேன், ஒரு முறைகூடச் சாயவில்லை. டவரில் இருப்பவர், "தனியாவா வர்றீங்க?" என்று கேட்டார். "தனியாத்தான்" என்றேன். பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டும் அதே குரல்தான் வந்தது. இறங்கும்போது ஒரு குதி குதித்தது. அதை மறைக்கவில்லை.

பழைய குறிப்பை மாஸ்டர் தன் கையாலேயே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "ஸ்கேல் எடுத்துப் பாத்திருக்கணும்மா, தப்பு எம்மேலதான்" என்றார். சிங்கத்தைப் பெற்றவள் மாதிரி நின்றேன்.

ஆனால் நீ கேட்டதை நான் செய்யவில்லை, வாண்டு. மேலே பதினோரு நிமிடம் இருந்தேன். நான்கு முறை டவரோடு பேசினேன். உன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. சுவிட்ச் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரவில்லை. பேச வேண்டும் என்று நினைத்தேன், பேசினேன். எஞ்சினை அணைத்த பிறகுதான் என் விரல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன்.

வேறொருத்தி மகளாக இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நீ மெக்கானிக், உனக்குப் புரியும்.

அம்மா