பிரசவத்துக்கு வந்தவள்

1949, ஐப்பசி 12. கம்பம்.

கண்டியில் கடையைப் பூட்டிவிட்டு வந்து நாலு நாளாயிற்று. இன்னும் மனைவி செல்லம்மாளைக் கிளப்ப முடியவில்லை. தலைப்பிரசவத்துக்கென்று இங்கே அனுப்பியதே நான்தான். இப்போது இலங்கையில் புதுச் சட்டம். குடியுரிமை கேட்பவனின் மனைவியும் அங்கேயே வசித்திருக்க வேண்டுமாம். வருடம் தாண்டி வெளியே இருந்தால் மனு நிற்காதாம். இவள் இங்கே வந்து வருடம் முடியப் போகிறது.

மாமியார் பிடிவாதம். “மாசியில குலசாமிக்குப் புள்ள முடியெறக்கிட்டுக் கூட்டிப் போங்க மாப்பிள்ளை. சட்டம் போட்டவுக வீட்டுல புள்ள பெறலையாக்கும்?” பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

கைக்குத் தண்ணீர் ஊற்றும்போது செல்லம்மாள் மெதுவாகக் கேட்டாள்: “நாம அந்த நாட்டு ஆளாயிட்டா, எங்க ஆத்தாளப் பாக்க வர யாரைக் கேக்கணும்?”

செம்பு காலியாகும் வரை கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.