கம்பிச் சூட்டில் காய்ந்த துண்டுகள்

இன்று காலை மில்லில் ரப்பர் கருகும் வாடை வந்தது. கரண்டுக் கம்பியின் உறைதான் கருகுகிறதென்று ஓடிப்போய் டைனமோவை நிறுத்திவிட்டேன். பார்த்தால், எவனோ பழைய வாஷரை அடுப்பில் போட்டிருக்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். இங்கே கம்பி வேலை பார்த்த நீர் இன்று உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்.

ஜெர்மனிச் சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு ஐப்பசி மாதம். சீமைச் செம்புக் கம்பிக்குத் தட்டுப்பாடு. புதுக் கொட்டகையில் வைத்த பெரிய மோட்டாரை, விளக்குக்கு இழுத்த பழைய கம்பியிலேயே கோத்துவிடச் சொன்னார் மேனேஜர். "விளக்கு குடிக்குத கரண்டு வேற, மோட்டாரு குடிக்குதது வேற, துரை. தூரமும் கூட. இதைப்போல மூணு மடங்கு தடிமன் வேணும்" என்றீர். "ஓடுகிறதா, இல்லையா?" என்று கேட்டார் அவர். ஓடத்தான் செய்தது. ஓடினால் போதும் என்கிற மனுஷனிடம் எதைச் சொல்லி மாரடிப்பது?

கம்பியை மூடிய மரச்சட்டம் வெதுவெதுவென்று சுவரோடு போகும். மலையடிவாரத்து மழையில் நனைந்து வருகிற நாங்கள் எல்லாரும் ஈரத் துண்டை அதன்மேல்தான் காயப்போட்டோம். ஸ்டோர் குமாஸ்தா நான். எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். நீர் ஒவ்வொன்றாய் உருவி எறிந்தீர்.

"சின்ன வாய்க்கால்ல ஆத்து வெள்ளத்தை விட்டா கரை தாங்குமா வே? இதுல மூடி வேற போடுதீரு. சூடு எங்கன போவும்?"

"கோவப்படாதயும் வே. காஞ்சதும் எடுத்திருதேன்" என்றேன் நான்.

மறுநாள் மதியம், துண்டுகள் தொங்கிய இடத்தில்தான் தீப்பிடித்தது. பஞ்சுக்குத் தாவிற்று. நாங்கள் வெளியே ஓடினோம். நீர் சுவிட்சை அணைக்க உள்ளே ஓடினீர். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. அடக்கத்தில் போதகர் "தேவ சித்தம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பி வாங்கித் தராதது தேவனா?

அதைவிடக் கேவலம் பிறகு நடந்தது. 'கம்பி வேலைக்காரனின் கவனக்குறைவு' என்று மேனேஜர் அறிக்கை எழுதினார். கூசாமல் எழுதினார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். தடித்த கம்பி கேட்டு நீர் எழுதித் தந்த மூன்று சீட்டுகளும் அப்போது என் மேஜைக்குள்தான் கிடந்தன. வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் திட்டுகிறேன், தினமும், என்னையும் சேர்த்து.

உம்முடைய வீட்டம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். "அவுக கவனமில்லாமலா இருந்தாக, அண்ணாச்சி?" எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் திரிகிறேன்.

சீட்டுகளை நான் கிழிக்கவில்லை. நாளைக்கு வண்டி பிடித்து, உம்முடைய வீட்டம்மா இப்போது இருக்கிற ஸ்ரீவைகுண்டம் போய், அவள் கையில் கொடுத்துச் சொல்லப்போகிறேன்: "கவனமாத்தான் இருந்தாரு, தங்கச்சி. பொய்க் கையெழுத்துப் போட்டது நான்."