முள்கரண்டி வேண்டாம்

மூலக்குளம், புதுச்சேரி
ஜூலை 6

அன்புள்ள தம்பி மார்ட்டினுக்கு,

அக்கா எழுதுவது. அம்மா சுகம். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறாள். அங்கே பாரீசில் நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறோம்.

தொலைபேசியில் நீ கத்தினாய். எனக்குக் கத்தத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். அம்மா பேசிய ஆவணப்படத்தை வரும் சனிக்கிழமை இங்கே திரையிடுகிறார்கள். உன் மகள் மெரின் கல்யாணம் முடியும்வரை அம்மா வரும் பகுதியை வெட்டி வைக்கச் சொல் என்கிறாய். முதலியார்பேட்டைச் சம்பந்தி வீட்டார் பார்த்தால், பெண்ணின் ஆயா நம் சாதியே இல்லை, வியட்நாம்காரி என்று தெரிந்து சம்பந்தம் முறிந்துவிடுமாம்.

படம் எடுத்தவர்கள் உனக்கு அனுப்பியதைப் பாதியில் நிறுத்திவிட்டதாகவும் சொன்னாய். மீதியை நான் சொல்கிறேன்.

படக்காரர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. கண்ணீரைத் தேடி வருகிறார்கள் என்று நினைத்தேன். அம்மா அழவில்லை. மின்விசிறியைப் போடச் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். பிரெஞ்சுப் பட்டாளம் அவள் ஊரைக் கொளுத்தியது. பெற்றவளை வாசலிலேயே சுட்டது. தப்பியவர்களோடு சைகோனுக்கு ஓடிவந்த ஐந்து வயதுப் பிள்ளை, புதுச்சேரியிலிருந்து அங்கே வேலைக்குப் போயிருந்த தனிஸ்லாஸ் தாத்தா வீட்டு விறகு மறைவில் கிடந்தது. தாத்தா துறைமுகக் காவல்காரர். வாங்கியது பிரெஞ்சுச் சம்பளம். பிடித்துக் கொடுத்திருக்கலாம். ஆனந்தமேரி ஆயா விடவில்லை. பாவாடை கட்டிவிட்டு, நாலு தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுத்தாள். குச்சியால் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு ரசஞ்சோறு பிசையப் பழக்கினாள்.

தப்பியவர்களைத் தேடி வீடு வீடாகச் சிப்பாய்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் நம் ஊர்த் தமிழன். "மூஞ்சி வேற மாதிரி இருக்குதே" என்றானாம். "அது எங்க மாமியார் மூஞ்சி. சண்டன்னா அவங்ககிட்ட போய்ப் போடு" என்றாளாம் ஆயா. அவன் சிரிக்கவில்லை. தட்டில் சோறு போடச் சொல்லி, பக்கத்தில் முள்கரண்டியையும் இரண்டு குச்சிகளையும் வைத்தான். பிள்ளை எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கையால் பிசைந்து தின்று, விரலை நக்கியது. "நம்ம புள்ளதான்" என்று போய்விட்டான்.

மெரின் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் அம்மா முள்கரண்டியைத் தொடமாட்டேன் என்றபோது, உன் பிரெஞ்சு நண்பர்கள் முன்னால் நீ தலைகுனிந்தாய். பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்றாய். அது என்ன பிடிவாதம் என்று இப்போது உனக்குத் தெரியும்.

நீ கேட்டதை அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். "என்னப் பெத்தவளுக்குப் பொதைக்கக்கூட ஆளு இல்ல. படத்துலயாவது இருக்குறா. அதையும் என் புள்ளயே வெட்டணுமா? சனிக்கிழம நான் மொத வரிசையில குந்தப்போறேன்னு சொல்லு அவன்கிட்ட" என்றாள்.

சொல்லிவிட்டேன். இன்னொன்றும் செய்திருக்கிறேன். சம்பந்தி வீட்டுக்கு நேற்று நானே அழைப்பிதழ் கொண்டுபோனேன். படத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சொன்னேன். யாரோ சொல்லி அவர்களுக்குத் தெரியவேண்டாம். மாப்பிள்ளையின் அம்மா காப்பி கொடுத்தார். வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அவர்களுக்காக இரண்டு நாற்காலி போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். காலியாக இருந்தால் இருக்கட்டும்.

இதையெல்லாம் மெரினிடம் நீ சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

அம்மா அவளுக்குச் சிலுவை போட்டு ஆசீர்வாதம் அனுப்புகிறாள். எங்கே, யாரோடு கல்யாணம் நடந்தாலும் நாங்கள் வருவோம். விருந்து மேசையில் அம்மாவின் இடத்தில் மட்டும் முள்கரண்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவை.

உன் அக்கா,
மதலேன்