கழன்ற வயரும் ஒரு டிக்கும்

மார்ச் 4, திங்கள்

ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் எங்கள் கம்பெனியின் இதயத்துடிப்புக் கருவி உறைந்துபோனதாம். ரொஸ்னானி என்ற நர்ஸின் கால் தடுக்கி, துடிப்பை அளக்கும் அட்டையைக் கணினியோடு இணைத்த வயர் கழன்றுவிட்டது. திரையில் 72 என்ற எண் மட்டும் அப்படியே நின்றது. கால் மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. நோயாளி பிழைத்தார். நர்ஸ் தற்காலிக நீக்கம்.

மேலாளர் மிஸ்டர் கூ என்னை அழைத்தார். "பிடுங்கினது அவ. நம்ம சாமான்ல குத்தமில்லன்னு அறிக்கை எழுதிக் குடு ஸலேஹா."

மார்ச் 6, புதன்

அட்டையோடு பேசும் டிரைவர் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன் நான் எழுதியதுதான். அட்டை வேலையாக இருந்தால் 'ஒன்று' காட்டும். பூஜ்யம் ஆகும்வரை கேட்டுக்கொண்டே இரு என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அட்டை கழன்றுவிட்டால் எங்கே படித்தாலும் ஒன்றுதான் வரும். இல்லாத அட்டை 'வேலையாக இருக்கிறேன்' என்கிறது, டிரைவர் நம்பிக் காத்திருக்கிறது. கணினியே அதற்குள் மாட்டிக்கொள்கிறது.

மார்ச் 7, வியாழன்

இது எப்படிச் சோதனையில் தேறியது? சோதனை செய்த பூன் கியட்டிடம் கேட்டேன் — திடீர்னு பிடுங்கிப் பாத்தியா இல்லையா?

"பாத்தேனே அக்கா. திரையில 'பத்திரமாக அகற்று' அமுக்கிட்டுத்தான் பிடுங்கினேன். இருக்கறதே ரெண்டு அட்டை. போச்சுன்னா கூவுக்கு விளக்கக் கடுதாசி நீங்க எழுதுவீங்களா?"

எங்கள் சோதனைக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான். சொல்லிவிட்டுத் திடீரென்று பிடுங்குகிற கூட்டம்! சோதனைப் பட்டியலில் 'திடீர்ப் பிடுங்கல்: தேறியது' என்ற கட்டத்தில் டிக் போட்டது நான்.

மார்ச் 8, வெள்ளி

திருத்தம் ஏழே வரி. எல்லாம் ஒன்றாக வந்தால் அட்டையின் அடையாள எண்ணையும் படி. அதுவும் முழுக்க ஒன்றென்றால் அட்டை இல்லை, அலாரம் அடி. சொல்லாமல் கொள்ளாமல் இருபது முறை பிடுங்கினேன். இருபது முறையும் அலறியது.

கூவிடம் காட்டினேன்.

"திருத்தத்த எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பு. 'வேகம் கூட்டப்பட்டது'ன்னு குறிப்பு போடு. அறிக்கையில இது வரக்கூடாது." பிறகு மெதுவாக, "உங்கம்மாவுக்கு டயாலிசிஸ் நம்ம கம்பெனி காப்பீட்டுலதானே?"

வாரம் மூன்று முறை. அவருக்குத் தெரியும்.

மார்ச் 11, திங்கள்

அறிக்கையில் ஒரு வரிகூட எழுதவில்லை.

மார்ச் 13, புதன்

ரொஸ்னானி சேவை எண்ணுக்கு அழைத்தாள். யாரோ என்னிடம் திருப்பிவிட்டார்கள்.

"வயர் கழண்டா சத்தம் வரும்னு சொல்லித்தானே பயிற்சி குடுத்தீங்க? வரலியே அக்கா. என் காதுலதான் கோளாறுங்கறாங்க."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பாக்கறதுக்கு என்னடி இருக்கு ஸலேஹா? ஒரு வாரமா பாத்துக்கிட்டுதானே இருக்க? வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

மார்ச் 14, வியாழன்

அறிக்கையை நேராக மருத்துவமனைக்கே அனுப்பிவிட்டேன். என் பிழை, என் டிக், என் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது.

மார்ச் 22, வெள்ளி

ரொஸ்னானி அழைத்தாள். நீக்கம் ரத்தாகி, நாளைக் காலை டூட்டியாம். அழுதாள். "உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை வரலியே அக்கா?" இல்லை என்றேன்.

என் வேலைநீக்கக் கடிதப்படி காப்பீடு இந்த மாதக் கடைசி வரை.

டயாலிசிஸ் முடிந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். காரில் ஏறியதும் கேட்டாள், "இன்னைக்கும் லீவாடி?"

"ஆமாம்மா."