நாறினால் நல்ல செய்தி

மார்ச் 4
இன்றும் நாறவில்லை. நாறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 5
உரக்கடையில் கிடைக்கிற மாதிரி சாதாரண பாஸ்பேட் உப்பு. மணமில்லை, குணமில்லை. தானே தீப்பிடிக்கிற வெள்ளைப் பாஸ்பரஸ் பக்கமே போகாமல், இந்த உப்பிலிருந்தே நேராகக் கரிம பாஸ்பரஸ் சேர்மம் செய்ய வேண்டும். வந்துவிட்டால் அழுகின பூண்டு நாற்றம், ஊரே மூக்கைப் பிடிக்கும். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் ஆய்வுக்கூடத்தில் என் மேசைக்கு வேறு ஆள். அளக்கிற இயந்திரமோ பழுது. எங்கள் மூக்கெல்லாம் மரத்துப்போய் வருஷமாகிறது.

"வீட்ல கேட்டுப் பாருங்களேன்" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மார்ச் 6
விளையாட்டில்லை. மனைவி என்னை வாசலிலேயே நிறுத்திக் காலரை மோந்து பார்த்தாள். "வெறும் வேர்வை." தலைவர் அதை அப்படியே அறிக்கையில் ஏற்றிவிட்டார்.

மார்ச் 11
"ஏதோ இருக்கு" என்றாள்! தலைவர் கேக் வெட்டினார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது — நேற்று கேன்டீனில் நான் தின்றது பூண்டு ரொட்டி. வெட்கக்கேடு.

மார்ச் 17
அவளுக்குச் சளி. ஆய்வுக்கூடமே ஸ்தம்பித்துவிட்டது. ஆவி பிடிக்கச் சொல்லித் தலைவர் ஃபோன் செய்தார். "சார், நான் என்ன உங்க ஸ்டாஃபா?" என்று கத்திவிட்டாள்.

மார்ச் 20
ஒன்று உறுத்துகிறது. பழைய வேலையில் அந்த நாற்றத்தோடு வந்த என்னிடம், "இன்னொரு தடவை இப்படி வந்தீங்க, எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றவள் இவள். நாறினால் பெண்டாட்டி போவாள், நாறாவிட்டால் வேலை போகும். இவள் நிஜத்தைத்தான் சொல்கிறாளா, இல்லை நாறியும் மறைக்கிறாளா? கேட்க வாய் வரவில்லை. பயமா இருக்கு.

மார்ச் 27
பேருந்தில் பக்கத்து ஆள் எழுந்து போனார். அப்புறம் முன் சீட்டு. அப்புறம் நடத்துனரே என் பக்கம் வரவில்லை.

கதவைத் திறந்தவள் மூக்கைப் பொத்தினாள். கண் கலங்கியிருந்தது — நாற்றத்தாலா? என்னைக் குளியலறைக்குள் தள்ளினாள். தண்ணீரை நிறுத்திவிட்டு ஒட்டுக்கேட்டேன். ஃபோனில் தலைவரோடு பேசுகிறாள். "சார், நாறுது சார்! நெஜமாவே நாறுது!" குரல் உடைந்துவிட்டது.

வெளியே வந்தால், கூடத்தில் பெட்டி கட்டி வைத்திருக்கிறாள்.

மார்ச் 28
மாமியார் வீடு. பெட்டியில் இருந்தவை என் துணிகள். "யாராவது ஒருத்தர் போகணும்ல? அம்மாவுக்கு எப்பவும் மூக்கடைப்பு. நீங்களே போங்க."

அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து ஆசையாகக் காபி கொடுத்தார். சாயங்காலம் மனைவி ஃபோன். "இன்னும் நாறுதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ வந்து பாரு."

ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.