இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரு எண்

1968 மார்ச் 7, வியாழன். எர்லாங்கன், ஜெர்மனி

பனித்தூறல். சைக்கிள் செயின் துரு. எண்ணெய் வாங்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஹெர் வோல்ஃப் கீழே கூப்பிட்டார். துப்பாக்கி கிளப் ஆசாமி. சுட்டுத் தீர்ந்த தோட்டாக்கூடுகளில் திரும்ப வெடிமருந்து போட்டு, குண்டு வைத்து அடைப்பது பொழுதுபோக்கு. லைசென்ஸ் உண்டு. மருந்தளவுப் புத்தகம் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது, இங்கிலீஷில். அவருக்கு வராது. அவரிடம் உள்ள குண்டின் எடை அட்டவணையில் இல்லை. அதைவிட லேசானது ஒன்று, கனமானது ஒன்று, அவ்வளவுதான் இருக்கிறது. இதென்ன பிரமாதம்! கிராஃப் தாள், ஸ்லைடு ரூல், பத்து நிமிடம்; இரண்டுக்கும் நடுவில் கோடு இழுத்து மருந்தளவைக் குறித்துக் கொடுத்தேன். கடைசிப் பத்தி எண்களைத்தான் எடுத்தேன். எங்கள் ஆபீஸ் டிரான்ஸ்பார்மர் அட்டவணையில் கடைசிப் பத்தி என்றால் நாள் முழுக்கப் பயமில்லாமல் ஓட்டக்கூடிய அளவு. அவர் மனைவி கேக் கொடுத்தாள். கொஞ்சம் கர்வம்தான்.

மார்ச் 9, சனி

வெயில், ஆனால் குளிர். துவைத்தது: சட்டை 4, பனியன் 3. அம்மாவுக்கு லெட்டர், நாளை.

புத்தகம் என்னிடமே இருந்தது. சும்மா முன்னுரையைப் படித்தேன். கடைசிப் பத்தி உச்சவரம்பாம். குறைத்துத் தொடங்கி, சுட்ட கூட்டைப் பார்த்துப் பார்த்து மருந்தை ஏற்ற வேண்டுமாம். அட்டவணையில் இல்லாத குண்டுக்கு நடுவில் ஊகிக்கவே கூடாது. வடிவம், உள்ளே இறங்கும் ஆழம், எல்லாம் சேர்ந்துதான் அழுத்தம்; மிஞ்சினால் துப்பாக்கியே வெடிக்கும். முன்னுரையை எந்த இன்ஜினியர் படிக்கிறான்?

கீழே ஓடினேன். விடியற்காலையிலேயே போட்டிக்குப் போய்விட்டார். நாளைதான் வருவார். எந்த ஊர் என்று மனைவிக்கே சரியாகத் தெரியவில்லை. என் ஜெர்மனில் விளக்க விளக்க, அவள் காபி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அறை நண்பன் ராஜுவிடம் சொன்னேன். "விடுறா, துப்பாக்கி செஞ்சவன் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி வெச்சிருப்பான், கொஞ்சம் கூடினாலும் தாங்கும்."

"எவ்வளவுடா?"

அவனுக்கும் தெரியாது. அவர் கை, அவர் கண். வேறு எதுவும் ஓடவில்லை. சாப்பிடவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

மழை. பதினொரு மணிக்கு அவர் கார். செருப்பில்லாமல் இறங்கி ஓடினேன். இரண்டு கையும் இருந்தன. அழுதுவிட்டேன். பயந்துபோய் என்னை உட்காரவைத்தார்.

கூடுகளைக் காட்டினார். இரண்டு, அழுத்தம் மிஞ்சி அடியில் பிதுங்கியிருந்தன. என் கணக்கு தப்பு, மிச்சத் தோட்டாவைப் பிரித்துவிடுங்கள் என்றேன். நீ இன்ஜினியராயிற்றே என்றார். முன்னுரையை வரிவரியாகச் சொன்ன பிறகுதான் முகம் மாறியது.

கிராஃபைக் கேட்டேன், கிழித்துப் போட. போட்டி நடந்த கிளப்பில் இருக்கிறதாம். அதே குண்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டார்களாம். வெளியூர்க்காரர்கள். எத்தனை பேர் என்றேன். எண்ணவில்லை என்றார். பெயராவது தெரியுமா என்றேன். சிலர் முகம் மட்டும்தான் தெரியுமாம்.