கணிப்பில் மட்டும் இருந்தவர்கள்

அக்கா,

இன்று காலை அஜின்கோர்ட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு கருத்துக்கணிப்பு அழைப்பு வந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்தால் ஒன்றை அழுத்தச் சொன்னது பதிவுசெய்த குரல். அழுத்தினேன். உடனே உங்கள் முகம்தான் வந்தது. நீங்கள் போய் இரண்டு பனிக்காலம் ஆகிறது.

நீங்கள் இருந்தபோது எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்வது என் வேலை. நீங்கள் ஆரம்பப் பாடசாலையில் மதிய உணவு நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டீர்கள். யோகட் மூடியைத் திறந்து தரச்சொல்லி உங்களிடம் வந்து நின்ற ஒருவன், வளர்ந்து இளைஞனாகி, பிளாசாக் கடைத்தொகுதி வாசலில் சுடப்பட்டு இறந்தான். செத்தவீட்டிலிருந்து நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தீர்கள்.

“கைத்துப்பாக்கி விக்கிறதை நிப்பாட்டுற சட்டத்துக்கு உங்கடை எம்.பி. வாக்குப் போடுவாரோ?”

“யோசிக்கிறார் அக்கா.”

“கணிப்பிலை கனபேர் ஆதரவு எண்டுதானே நியூஸிலை சொல்லுறாங்கள்?”

“ஓம். ஆனா இஞ்சை கோல் பண்ணுறவை எல்லாரும் வேண்டாம் எண்டுதான் சொல்லினம்.”

“அப்ப நாங்கள் கணிப்பிலை மட்டும்தான் இருக்கிறம்.”

அடுத்த கிழமை முழுவதும் என் தொலைபேசி ஓயவில்லை. ரூஜ் பகுதியிலிருந்தும் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் அழைத்தவர்கள் எல்லாம் நீங்கள் சொல்லிவிட்ட உங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் தாய்மார். “தமிழிலை சொல்லலாமோ பிள்ளை?” என்று கேட்டுவிட்டு அழுதார் ஒருவர். ஒவ்வொன்றையும் எழுதி எம்.பி.யின் மேசையில் வைத்தேன். கணிப்பு முடிவுகளை ஒரு பார்வையில் புரட்டிவிடும் அவர், இவற்றை உட்கார்ந்து வாசித்தார். பிறகு ஊர்க்கூட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

அந்தக் கூட்டத்தில், குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடும் ஒருவர் எழும்பினார். “லைசென்ஸோடை ஒழுங்காய் வைச்சிருக்கிற எங்களை ஏன் தண்டிக்கிறியள்? கள்ளமாய் வாறதை எல்லோ பிடிக்கவேணும்?” என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. நீங்கள் எழும்பினீர்கள்.

“அதையும் பிடிக்கட்டும் அண்ணை. உங்களிலை எனக்குக் கோவமில்லை. உங்களுக்கு ஒரு விளையாட்டு இல்லாமல் போகும். செத்த பெடியன்ரை தாய்க்குப் பிள்ளையே இல்லை.”

அவர் தன் கருத்தை மாற்றவில்லை. ஆனாலும் கூட்டம் முடிந்ததும் உங்களுக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

எம்.பி. ஆதரித்து வாக்களித்தார். சட்டம் வந்தது. அதோடு வெடிச்சத்தம் ஓய்ந்துவிடவில்லை. ஓய்ந்துவிடும் என்று நீங்களும் சொன்னதில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனி நீர் எழும்பிக் கதையும்,” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்கள் சொன்னதை எழுதியே பழகியவள் நான்.

போன மாதம், இளைஞர் நிலையத்தைப் பின்னேரங்களிலும் திறந்து வைக்கக் கேட்டு நகரசபைக் குழுவின் முன் பேசினேன். பெயரையும் தெருவையும் சொல்லித் தொடங்கினேன். ஒரு உறுப்பினர் தன் கணினியை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

குரல் நடுங்கவில்லை, அக்கா.